பதினைந்து கும்பாவும் ஓர் உடைமுள்ளும்

முதல் நாள் சாயங்காலம் என் சிற்பம் சுற்றவில்லை. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இடம் திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம், கடைக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு காலி மனை. காற்றில் இயங்கும் சிற்பங்களை ஆடி மாசம் பத்து நாள் ஊர் நடுவில் திறந்தவெளியில் வைக்கலாம் என்று நாலைந்து ஓவியர்களும் கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் சிலரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் என் அக்கா மகன். டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது, பொன்னாடை கிடையாது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். மொத்தம் ஏழு உருப்படி. என்னுடையது 12 அடி உயரக் கம்பம். அதில் ஐந்து அடுக்கு, அடுக்குக்கு மூன்று கை, கைக்கு ஓர் எவர்சில்வர் கும்பா. அதற்குப் பக்கத்திலேயே மூங்கில் சட்டம் கட்டி முந்நூறு பனையோலைக் காத்தாடிகளைக் குத்தி வைத்திருந்தார்கள்.

ஐந்து மணிக்கு லேசாக ஒரு காற்று வந்தது. முந்நூறு ஓலையும் சலசலவென்று சுற்ற ஆரம்பித்தன. என் கம்பத்தில் ஒரு கும்பாகூட அசையவில்லை.

“காத்து பத்தலையோ மாமா?” என்றான் மருமகன், என் மனசு நோகாமல்.

பக்கத்தில் முந்நூறு சுற்றிக்கொண்டிருக்கும்போது காற்றை எப்படிக் குறை சொல்வது? அதுவும் நான்? ராதாபுரம் வட்டாரத்தில் பதினோரு வருஷம் காற்றாலைகளுக்கு மராமத்து பார்த்தவன். இடுப்பில் பெல்ட் கட்டி, கோபுரத்துக்குள் ஏணி ஏறி, கியர்பாக்ஸ் எண்ணெயும் பிரேக் பேடும் மாற்றிச் சம்பளம் வாங்கியவன். இப்போது வள்ளியூரில் சொந்தமாக கிரில் கேட் பட்டறை வைத்திருக்கிறேன். அந்தப் பட்டறை வாசலில் இதே கம்பம் ஜோராகச் சுற்றியது. அங்கேதான் நான் ஏமாந்திருக்கிறேன். வள்ளியூரில் ஆடிக் காற்றுக்கு எதுவும் சுற்றும். அம்மியே பறக்கும் என்கிறார்கள், கும்பா சுற்றாதா?

பங்குனியில் மருமகன் போனை நீட்டி சில வீடியோக்களைக் காட்டியதில் தொடங்கியது இது. ஜார்ஜ் ரிக்கி என்ற அமெரிக்கர், 1907-ல் பிறந்து 2002-ல் போனவர். கத்தி மாதிரி நீளமான எவர்சில்வர் அலகுகள், ஆள் இல்லாத வெளியில் தாமாகச் சாய்ந்து நிமிர்கின்றன. அலகின் குட்டைப் பக்கத்துக்குள் ஈயத்தை அடைத்துச் சமன் செய்திருப்பார். அதனால்தான் அவ்வளவு பெரிய தகடு மூச்சுவிட்டாலே நகர்கிறது. அடுத்து ஹாலந்துக்காரர் தியோ யான்சன். 1990-லிருந்து கடற்கரை மணலில் காற்றால் நடக்கிற பிராணிகள் செய்கிறார். எல்லாம் நாம் வீட்டு வயரிங்குக்குப் போடுகிற பிளாஸ்டிக் குழாய்தான். 2016 ரியோ ஒலிம்பிக் தீபத்துக்குப் பின்னால் மின்னிக்கொண்டே சுழன்றதே, அது ஆன்டனி ஹோவ் செய்தது.

எனக்கு ரிக்கிதான் பிடித்தார். காரணம், வேகமே இல்லை. எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் எல்லாம் ‘பைய’ நடக்கிறது. காற்றாலையில் எங்களுக்கு ஒரே கணக்குதான்: எவ்வளவு எடுத்தோம்? காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்கு. அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த மெஷினாலும் எடுக்க முடியாது என்பது பெட்ஸ் என்ற ஜெர்மானியர் போட்ட கணக்கு. அந்த எல்லைக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறோம் என்பதுதான் பிழைப்பு. வினாடிக்கு மூன்று நாலு மீட்டர் காற்று வரும்வரை மெஷின் சும்மா நிற்கும், யாரும் கவலைப்பட மாட்டோம். ரிக்கியின் தகடு அந்தக் காற்றிலேயே பாதி வேலையை முடித்துவிடுகிறது. சரி, நாமும் ஒன்று செய்து பார்ப்போம் என்று ஒத்துக்கொண்டேன்.

வடிவத்துக்கு ரொம்ப யோசிக்கவில்லை. காற்றாலையின் தலைமேல் காற்றின் வேகம் பார்க்க மூன்று குட்டிக் கிண்ணங்கள் சுற்றும். அதைத் தினமும் பார்த்தவன் நான். கிண்ணத்தின் குழிந்த பக்கம் காற்றைப் பிடிக்கும், முதுகுப் பக்கம் வழுக்கிவிடும். காற்று எவ்வளவு தள்ளும் என்பதற்குக் கணக்குப் புத்தகத்தில் அரைக்கோளத்தின் குழிந்த பக்கத்துக்கு 1.4, முதுகுக்கு 0.4 என்று போட்டிருப்பார்கள். அந்த வித்தியாசம்தான் சுற்றுகிறது. காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதற்குக் கவலை இல்லை, வால் வேண்டாம், திரும்ப வேண்டாம். ஊருக்குள் காற்று கட்டடத்துக்குக் கட்டடம் மோதித் திசை மாறும் என்பதால் இதுதான் சரி என்று பட்டது. ஒற்றைப்படை அடுக்கு வலஞ்சுழி, இரட்டைப்படை அடுக்கு இடஞ்சுழி. கும்பாவைத் திருப்பி மாட்டினால் போதும்.

மருமகன் வரைந்த படத்தில் அடுக்குக்கு இரண்டு கைதான் இருந்தது, காவடி மாதிரி. பார்க்க அழகுதான். இரண்டு கை ஒரு கோணத்தில் முடங்கும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் படத்தைப் பார்த்து மயங்கிச் செய்துவிட்டேன். இரண்டு கையும் காற்றோட்டத்துக்கு நேர்க்கோட்டில் வந்து நின்றால் இரண்டு கும்பாவும் காற்றுக்குப் பக்கவாட்டைத்தான் காட்டும், தள்ள ஆள் இல்லை. கிண்ணக் காற்றுமானியை 1846-ல் செய்த அயர்லாந்துக்காரர் ராபின்சன் நாலு கிண்ணம் வைத்தார். கனடாவின் ஜான் பேட்டர்சன் 1926-ல் மூன்று கிண்ணம் போதும், அதுதான் சீராக ஓடுகிறது என்று காட்டினார். நான் எவர்சில்வரை வெட்டி, வெல்டு வைத்து, பிரித்து, மறுபடி மூன்றுக்கு வந்தேன். ஒரு வாரம் வீண்.

கும்பா டவுணில் ஒரு பாத்திரக்கடையில் வாங்கியது. கீழ் மூன்று அடுக்குக்கு 18 செ.மீ. வாய் உள்ளது ஒன்பது, மேல் இரண்டு அடுக்குக்கு 14 செ.மீ. உள்ளது ஆறு. எடை போட்டுத்தான் கொடுத்தார்கள். “கல்யாண வீடா?” என்று கேட்டார் கடைக்காரர். காற்றில் சுற்றவிடப் போகிறேன் என்றதும் எடைக்கல்லை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். கோட்டிக்காரன் என்று நினைத்திருப்பார்.

முதல் கும்பாவில் ஆர்க் வெல்டிங் வைத்தேன். தகடு அரை மில்லிதான் இருக்கும், ராடு தொட்டதும் எட்டணா அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. டிக் வெல்டிங் வைத்திருப்பவரிடம் கொண்டுபோகலாம்தான், ஆனால் நாளைக்கு ஒரு கும்பா நசுங்கினால் மறுபடி அவரிடம் ஓட வேண்டும். அதனால் கையின் நுனியை அடித்துத் தட்டையாக்கி, இரண்டு ஓட்டை போட்டு, கும்பாவின் உள்ளேயும் வெளியேயும் அகல வாஷர் வைத்து நைலாக் நட்டால் இறுக்கினேன். சாதா நட்டு போட்டால் அதிர்வில் கழன்றுவிடும். ஜனங்கள் நடமாடும் இடத்துக்கு மேலே கும்பா பறப்பதெல்லாம் விளையாட்டில்லை.

கம்பம் கீழே இரண்டு இன்ச் ஜிஐ குழாய், அதற்கு மேல் ஐந்து அடிக்கு 25 மில்லி பிரைட் ராடு. ஒவ்வோர் அடுக்குக்கும் ராடில் கோர்க்க, குழாய் மாதிரி ஆறு இன்ச் நீள பூசு, அதன் இரண்டு முனையிலும் ஒரு 6205 பேரிங். மொத்தம் பத்து பேரிங். பூசு கடைந்து கொடுத்தது பக்கத்து லேத் அண்ணாச்சி. மழைக்குத் தாங்க வேண்டும் என்று இரண்டு பக்கமும் ரப்பர் சீல் வைத்த பேரிங்காகக் கேட்டு வாங்கினேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

அடித்தளத்துக்குத் தரையில் ஓட்டை போடக்கூடாது என்று மனைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். நியாயம்தான். நாலடி சதுரத்துக்கு ஆங்கிளில் சட்டம் அடித்து, பத்து மூட்டை எம்-சாண்ட், மூட்டை 40 கிலோ என்று ஏற்றினோம். கணக்கு போட்டுத்தான் ஏற்றினேன்: வினாடிக்கு 15 மீட்டர் காற்றில் கம்பமும் கும்பாக்களும் சேர்ந்து வாங்கும் தள்ளு எட்டு கிலோ சுமாருக்குத்தான். ஆனால் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளு நாலு மடங்கு, 30 கிலோ. அது எட்டடி உயரத்தில் தள்ளுகிறது என்று வைத்தாலும் 400 கிலோ மணல் மூன்று மடங்கு மிச்சம் வைத்துத் தாங்கும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் கடைசிவரை தப்பு செய்யவில்லை.

எங்கே வைப்பது என்பதற்கு மூன்று நாள் முன்பே போய்ப் பார்த்தேன். மூங்கில் ஒன்றில் 4, 8, 12 அடியில் தலைக்குக் கட்டுகிற ரிப்பனைக் கட்டி மனை முழுக்க நடந்தேன். மேற்கே நாலு மாடிக் கட்டடம். அதன் பின்னால் மேல் ரிப்பன் கிழக்கே பறக்கிறது, கீழ் ரிப்பன் கட்டடத்தைப் பார்த்தே திரும்பிப் பறக்கிறது. காற்று சுவரைத் தாண்டிக் குதித்துவிட்டு உள்ளே சுருண்டு வருகிறது. கட்டடத்தின் உயரத்தைப் போல இருபது மடங்கு தூரம்வரை இந்தக் குழப்பம் இருக்கும் என்பது காற்றாலைக்கு இடம் பார்க்கிறவர்களின் பழைய கணக்கு. 50 அடிக் கட்டடம் என்றால் ஆயிரம் அடி. ஊருக்குள் எங்கே போய் ஆயிரம் அடி தேடுவது?

ஆனால் அந்தக் கட்டடத்துக்கும் அடுத்த கட்டடத்துக்கும் நடுவே ஒரு சந்து. அதன் வாயில் நின்றால் மூன்று ரிப்பனும் ஒரே பக்கம் விறைப்பாகப் பறந்தன. ஆரல்வாய்மொழிக் கணவாய் என்பதும் இதுதானே? இரண்டு பக்கமும் மலை, நடுவே இடுக்கு, மேற்கிலிருந்து வருகிற தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடுக்கில் நெருக்கிக்கொண்டு பாய்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். இங்கே மலைக்குப் பதில் ஒரு ஜவுளிக்கடையும் ஒரு லாட்ஜும். சந்து வாயிலிருந்து பத்தடி தள்ளி என் கம்பத்தை நட்டோம். ஓலைக் காத்தாடிக்காரர்களும் பக்கத்திலேயே சட்டத்தைக் கட்டிக்கொண்டார்கள்.

இவ்வளவும் செய்துவிட்டுத்தான் முதல் நாள் அப்படி நின்றேன்.

அன்றைக்கு ராத்திரி எட்டரைக்கு மேல், கூட்டம் போனதும், உச்சி அடுக்கைக் கழற்றி இறக்கினோம். தெரு விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிக்கு நடுவே ஒரு ராடைப் படுக்கை வசமாக வைத்து அதில் அடுக்கைக் கோர்த்தேன். ராடு படுத்திருந்தால் ஒரு பக்கக் கும்பா வானத்தைப் பார்த்து நிற்கும். அதில் காசு போட்டுப் பார்க்கலாம் என்று யோசனை. 2011-ல் வந்த ஐந்து ரூபாய்க் காசு 6 கிராம். ஒன்று போட்டேன், அசையவில்லை. இரண்டு, மூன்று. நாலுக்கும் ஐந்துக்கும் ஒன்றுமில்லை. ஆறாவது காசு விழுந்ததும் சோம்பேறித்தனமாகக் கீழே இறங்கியது. 36 கிராம்! காற்று வந்து உட்கார்ந்து காசு போட்டால்தான் சுற்றுவேன் என்கிறது.

குற்றவாளி அந்த ரப்பர் சீல்தான். பேரிங்கின் உள் வளையத்தை உதடு மாதிரி கவ்விப் பிடித்திருக்கும். உள்ளே நிறைய கிரீஸ் வேறு. மோட்டாரில் போட்டால் தெரியாது, மோட்டார் இழுத்துவிடும். போனில் லேத் அண்ணாச்சியைக் கூப்பிட்டுச் சொன்னேன். “நீரு மழைக்குக் கேட்டீரு, கொடுத்தேன். மாவு மில்லுக்குப் போடுதத இதுக்குப் போட்டா எப்படி வே சுத்தும்? சீலைக் கழத்திக் கழுவும்” என்றார்.

பத்து பேரிங்கையும் மரச் சுத்தியலால் தட்டி வெளியே எடுத்தோம். ஊக்கு முனையால் சீலைக் கிளப்பினால் சோடா மூடி மாதிரி வந்துவிடும். பெயிண்ட் டப்பாவில் பெட்ரோல் ஊற்றி, பழைய டூத் பிரஷால் கிரீஸ் போகத் தேய்த்து, காயவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. ஒரே சொட்டு. பெட்ரோல் டப்பாவைச் சுற்றி நின்று பீடி பற்றவைக்கப் போன ஒருவரை விரட்டியது தனிக் கதை. மழைக்கு ஒவ்வொரு பூசுக்கு மேலும் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா மூடியைக் கவிழ்த்து ராடில் மாட்டினேன், தொப்பி மாதிரி. எல்லாம் முடியும்போது ராத்திரி ஒன்றரை மணி. உச்சி அடுக்கை மறுபடி நாற்காலியில் வைத்துக் காசு போட்டோம். முதல் காசுக்கே சரேலென்று இறங்கியது. மீதி நாலு அடுக்கையும் அப்படிப் பார்த்திருக்க வேண்டும். தூக்கம் வந்துவிட்டது, ஒன்றில் பார்த்தால் போதும் என்று மாட்டிவிட்டோம்.

அதற்கான கூலி மறுநாளே கிடைத்தது. நாலு அடுக்கு சுற்றுகின்றன. மூன்றாவது அடுக்கு மட்டும் காற்று மெலிந்ததும் நிற்கிறது. நிற்கட்டும், ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே கையை வாறுகால் (சாக்கடை) பக்கம் நீட்டிக்கொண்டுதான் நிற்கிறது. மருமகன் அந்தக் கும்பாவில் சிவப்பு ரிப்பன் கட்டினான். ஏழு தடவை நின்றது, ஏழு தடவையும் ரிப்பன் வாறுகாலைப் பார்த்தது.

தூக்குக்குண்டைக் கம்பத்தின் உச்சியிலிருந்து தொங்கவிட்டேன். அடியில் மூன்றரை இன்ச் தள்ளி நின்றது. மழைத்தண்ணீர் ஓடுவதற்காகத் தரையை வாறுகால் பக்கம் சரிவாகப் போட்டிருக்கிறார்கள், கம்பமும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. சாய்ந்த கம்பத்தில் கனத்த கை எப்போதும் பள்ளத்தைத் தேடிப் போகும். அப்படியானால் அந்தக் கை ஏன் கனம்? கையால் தொட்டுப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கைகளெல்லாம் 10 மில்லி கம்பி. அன்றைக்குக் கம்பி தீர்ந்துபோய், மூன்றாவது அடுக்கில் ஒரே ஒரு கைக்கு மட்டும் கிடந்த 12 மில்லித் துண்டை வெட்டி வைத்திருக்கிறேன். வைத்தவன் நான்தான், பழி போட ஆள் இல்லை. விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று கம்பி கட்டுகிற எல்லாருக்கும் தெரியும். 10 மில்லி 617 கிராம், 12 மில்லி 889. அறுபது செ.மீ. கையில் 160 கிராமுக்கு மேல் வித்தியாசம். நட்ட வசத்தில் கம்பம் நேராக இருந்தவரை இது வெளியே தெரியவில்லை.

கையை மாற்றினேன். அடிச்சட்டத்தின் வாறுகால் பக்கத்துக்குக் கீழே தகட்டுத் துண்டுகளை முட்டுக் கொடுத்து, தூக்குக்குண்டு நேரே வரும்வரை ஏற்றினோம். பிறகு ஒழுங்காக ஐந்து அடுக்கையும் ஒவ்வொன்றாக நாற்காலியில் படுக்க வைத்து, கனத்த கை கீழே வந்தால் எதிர்ப்பக்கம் வாஷர் சேர்த்து, எந்தக் கையை எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை சமன் செய்தேன். ரிக்கி ஈயம் அடைத்தார், நான் வாஷர் போட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் நேற்றைய அதே பூங்காற்று வந்தது. மேலிருந்து ஒவ்வொன்றாக, ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், ஐந்தும் கிளம்பின. கும்பாக்கள் ஒன்றையொன்று கடக்கும்போது மட்டும் வெயில் பளிச்சென்று தெறிக்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் கூடையோடு வந்த ஓர் ஆச்சி, “இதுல கரண்டு வருமாய்யா?” என்று கேட்டார். இந்தப் பத்து நாளில் என்னிடம் நூறு பேராவது கேட்ட கேள்வி. தெற்கே பனகுடி, வடக்கன்குளம் போய் வருகிறவர்களுக்குக் காத்தாடி என்றால் கரண்ட்தான்.

“வராது ஆச்சி.”

“பெறவு எதுக்குச் சுத்துது?”

பதில் சொல்லத் தெரியவில்லை. ஆச்சியும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு அரைமணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் சும்மா கணக்குப் போட்டேன். ஐந்து மீட்டர் காற்றில் பதினைந்து கும்பா வாய்க்குள்ளும் வருகிற சக்தி மொத்தமே சுமார் 25 வாட்தான். அதில் கிண்ண வகை பத்தில் ஒரு பங்கைப் பிடித்தால் பெரிசு. எல்இடி ஜீரோ வாட்ஸ் பல்பு ஒன்று எரியலாம்.

நாலாம் நாள் நிஜமான ஆடிக் காற்று இறங்கியது. மண்ணை வாரிக் கண்ணில் அடிக்கிற காற்று. கீழ் அடுக்குகள் கை நீளம் என்பதால் சமாளித்தன. கை முப்பது செ.மீ. உள்ள உச்சி அடுக்கு நிமிஷத்துக்கு 130, 140 சுற்று என்று பறந்தது. கும்பா தெரியவில்லை, வெள்ளையாக ஒரு வட்டம்தான் தெரிகிறது. கூட்டம் கைதட்டியது, பையன்கள் விசிலடித்தார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. இது டேபிள் ஃபேன்.

பிரேக் வேண்டும். ஆனால் உரசுகிற பிரேக் போட்டால் பூங்காற்றில் மறுபடி முதல் நாள் கதைதான். வேகமாகப் போனால் மட்டும் பிடிக்கிற பிரேக் எது? மனையின் மூலையில் ஒரு பழைய ஈபி பெட்டி இருந்தது, அதைப் பார்த்ததும் சட்டென்று நினைவு வந்தது. நம் வீடுகளில் முன்பு தட்டு சுற்றுகிற மீட்டர் இருந்ததே, அதில் அலுமினியத் தட்டு ஒரு காந்தத்தின் இடுக்கு வழியாகத்தான் ஓடும். தட்டு நகர்ந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அது காந்தத்தோடு சண்டை போட்டுத் தட்டைப் பின்னால் இழுக்கும். நின்றிருந்தால் இழுப்பு இல்லை, வேகம் கூடக் கூட இழுப்பும் கூடும். தொடவே தொடாத பிரேக்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் செத்துப்போன ஹார்டு டிஸ்குகள் ஒரு பை நிறைய கிடைத்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் கைக்கு அடங்குகிற, ஆனால் விரலை நசுக்குகிற காந்தம் இருக்கும். மேல் இரண்டு அடுக்கின் பூசுக்கு அடியில் இரண்டு மில்லி அலுமினியத் தட்டை வட்டமாக வெட்டி மாட்டினேன். அசையாத ராடிலிருந்து ஒரு கவட்டை நீட்டி, தட்டுக்கு மேலே ஒரு காந்தம், கீழே ஒன்று, வடக்கும் தெற்கும் பார்த்துக்கொள்ளும்படி. அடுக்குக்கு இரண்டு ஜோடி. இடைவெளி மூன்று மில்லி.

வள்ளியூர் பட்டறையில் மாட்டிச் சோதித்தபோது அடுக்கு கரகரவென்று உரசி நின்றது. பார்த்தால், காந்தம் பட்டறையிலிருந்த கிரைண்டிங் தூளையெல்லாம் இழுத்து, ஒரு வாரத் தாடி மாதிரி முளைத்திருக்கிறது. துணியால் துடைத்தால் அது காந்தத்தின் அடுத்த பக்கத்துக்குத்தான் போகிறது. ஊதினால் போகவில்லை. கடைசியில் எதிர்த்த பரோட்டாக் கடையில் ஓர் உருண்டை மாவு வாங்கி வந்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். பரோட்டா மாஸ்டர் “சால்னாவும் வேணுமாண்ணே?” என்று கேட்டார். அதற்கப்புறம் காந்தத்தைத் திண்ணையில் வைத்துத்தான் வேலை. மாட்டியதும் அதே காற்றில் உச்சி அடுக்கு 70, 80 சுற்றுக்கு இறங்கிவிட்டது. பூங்காற்றில் போட்ட வித்தியாசமே தெரியவில்லை. பைய.

ஆறாம் நாள் ராத்திரி எங்கிருந்தோ ஒரு ஃபிளக்ஸ் பிய்த்துக்கொண்டு வந்து நாலாவது, ஐந்தாவது அடுக்கில் சுற்றிக்கொண்டது. யார் கட்டியது, எந்த விசேஷத்துக்கு என்பதெல்லாம் இங்கே எதற்கு? காலையில் போய்ப் பார்த்தால் கம்பத்துக்குச் சேலை கட்டின மாதிரி நிற்கிறது. பாய்மரமாகவே ஆகியும் மணல் மூட்டை ஒரு விரற்கடைகூட நகரவில்லை. மூன்று கை வளைந்து, ஒரு கும்பா சப்பை. கைகளைப் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தண்டவாளத் துண்டின் மேல் வைத்துத் தட்டி நேராக்கினேன். சப்பையான கும்பாவை மாற்றவில்லை, உள்ளிருந்து மரச் சுத்தியலால் தட்டி எடுத்தேன். லேசாக முகம் கோணியிருக்கும், இப்போதும் இருக்கிறது.

இவ்வளவு தகராறிலும் பக்கத்து ஓலைக் காத்தாடிச் சட்டம் மட்டும் முதல் நாள் மாதிரியே ஓடிக்கொண்டிருந்தது. என் கம்பம் கிளம்புவதற்கு ஒரு கணம் முன்னால் அது கிளம்பிவிடும். எவ்வளவு எண்ணெய் போட்டும் அந்த ஒரு கணத்தை என்னால் பிடிக்க முடியவில்லை. செய்தவர் திசையன்விளைப் பக்கத்துப் பெரியவர், பனையேறியாக இருந்தவர். பிய்ந்த காத்தாடிகளுக்குப் பதில் புதியது செய்துகொண்டு சட்டத்தடியில் உட்கார்ந்திருப்பார். இரண்டு ஓலை நறுக்கைக் குறுக்கே மடித்துக் கோர்ப்பார், நடுவில் உடைமரத்து முள் ஒன்றைக் குத்துவார், முள்ளின் நுனியைச் சோளத்தட்டையின் சோற்றுக்குள் அழுத்துவார். இருபது எண்ணுவதற்குள் ஒன்று. சின்ன வயதில் நானும் இதைப் பிடித்துக்கொண்டு தேரி மணலில் ஓடியிருக்கிறேன்.

“முள்ளு எம்மாம் பொடிசா இருக்கோ, அம்மாம் லேசாச் சுத்தும் தம்பி. ஒம்ம கம்பி தடியால்லா இருக்கு” என்றார்.

பதினோரு வருஷம் பேரிங் மாற்றியவனுக்கு அது உறைக்க ஒரு நிமிஷம் ஆனது. உரசல் எவ்வளவு இழுக்கும் என்பது உரசுகிற இடம் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் பொறுத்தது. என் பேரிங்கில் குண்டுகள் ஓடுவது மையத்திலிருந்து இரண்டு செ.மீ. தள்ளி. அவர் முள்ளின் தடிமன் ஒரு மில்லி. தூக்க வேண்டிய எடையும் ஓலையின் எடைதான்.

ஏழாம் நாள் கம்பத்தின் உச்சியில் ஆறாவதாக ஒரு குட்டி அடுக்கு ஏற்றினேன். கைக்கு சைக்கிள் போக்ஸ் கம்பி மூன்று, கும்பாவுக்குப் பதில் பெரியவர் மடித்துக் கொடுத்த குட்டி ஓலைப் பட்டை மூன்று, பதநீர் குடிக்கிற பட்டையைச் சின்னதாக்கினது மாதிரி. ராடின் உச்சியில் ஓட்டை போட்டு உடைமுள்ளை நிமிர்த்திச் செருகினேன். அதன்மேல் ஒரு பித்தளை டிச் பட்டனைக் கவிழ்த்து, பட்டனிலிருந்து கைகள் குடை மாதிரி கீழ்நோக்கிச் சரியும்படி வளைத்தேன். எடை முள்நுனிக்குக் கீழே தொங்கினால்தான் அது கவிழாமல் நிற்கும். முள் ஒரு நாள் தாங்கியது, மறுநாள் நுனி மழுங்கிவிட்டது. அதை எடுத்துவிட்டுக் கோணி ஊசியின் முனையை ஒடித்துச் செருகினேன். பெரியவர் பார்த்துச் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் விடியற்காலை, தெருவில் பால்காரரைத் தவிர ஆள் இல்லாத நேரம், நானும் மருமகனும் டீ கிளாஸோடு நின்றிருந்தோம். காற்று இருப்பதாகவே தெரியவில்லை. டீயின் ஆவி நேராக மேலே போகிறது. உச்சியில் மூன்று ஓலைப் பட்டை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன, சட்டத்திலிருந்த முந்நூறுக்கும் முன்னால். இரண்டாவது அடுக்கில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. கை மெல்ல நகர ஆரம்பித்ததும், இது ஏது வம்பு என்று பறந்துவிட்டது.

பத்தாம் நாள் பிரித்து வேனில் ஏற்றினோம். மணல் மூட்டையை மனைக்காரரே கேட்டு வாங்கிக்கொண்டார். கம்பம் இப்போது வள்ளியூரில் பட்டறைத் தட்டட்டி (மொட்டை மாடி) மேல் நிற்கிறது. இந்தக் காற்றுக்கு ஓலைப் பட்டை இரண்டு நாளில் கிழிந்துவிடுகிறது, திசையன்விளைக்குப் போகிற யாரிடமாவது சொல்லிப் புதிசு வாங்கி வரச் சொல்கிறேன். சீல் இல்லாத பேரிங்குக்குள் புழுதி சேர்ந்து, மூன்றாவது அடுக்கு லேசாகக் கரகரக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் பத்தையும் கழற்றிக் கழுவ வேண்டும். பெட்ரோல் டப்பாவையும் டூத் பிரஷையும் எடுத்து வைத்தாயிற்று, மருமகனுக்குப் பரீட்சை முடிய வேண்டும்.